மேல்மாடி வாடகை வீடு, இரவு 10 மணிக்கும் அனல்: ஏசி இல்லாமல் என்ன செய்யலாம்?

கேள்வி – உறையூர் மாடி

வணக்கம். திருச்சியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். 620 சதுர அடி. ஐந்து அங்குல கான்கிரீட் தளம், அதன்மேல் சிமெண்ட் பூச்சு மட்டும்தான். சுர்க்கியோ (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடிக்கும் அடுக்கு) தட்டோடோ போடவில்லை. படுக்கையறைக்கு மேற்கிலும் வடக்கிலும் ஜன்னல், ஹாலுக்குத் தெற்கில் ஒன்று, சமையலறைக்குக் கிழக்கில் ஒன்று.

பகலைக்கூடச் சமாளித்துவிடலாம், இரவுதான் தாங்க முடியவில்லை. 10 மணிக்கு வெளியே 31 டிகிரி இருக்கும்போது படுக்கையறைக்குள் 36 காட்டுகிறது. சீலிங்கைத் தொட்டால் சூடு நன்றாகத் தெரிகிறது. ஃபேனைப் போட்டால் அனல் இறங்குகிறது. கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை.

தளத்தில் துளை போடக் கூடாது, நிரந்தரமாக எதுவும் கட்டக் கூடாது என்கிறார் வீட்டு ஓனர். வெள்ளையடிக்கச் சம்மதித்திருக்கிறார். ஒயரிங் பழசு, அதனால் ஏசி பேச்சுக்கே இடமில்லை. அம்மாவுக்கு 74 வயது. தெர்மாகோல் சீலிங், வெட்டிவேர் தட்டி, மாடியில் தண்ணீர் ஊற்றுவது, கூலிங் பெயிண்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஐந்தாறாயிரத்துக்குள் எதை முதலில் செய்வது?

பதில் 1 – தளமும் சுவரும்

முதலில் தளம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் தளத்தின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 620 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 17 டன் கான்கிரீட். அது ஒரு டிகிரி சூடேற நாலு யூனிட்டுக்கு (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) மேல் வெப்பம் வேண்டும். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் பத்து டிகிரி ஏறினால் 42 யூனிட். வெயில் தாழ்ந்த பிறகு அதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும், மீதி உங்கள் அறைக்குள் இறங்கும். மதியம் 2 மணிக்கு மேல்பரப்பில் விழுந்த சூடு அடிப்பரப்புக்கு வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவு 10 மணிக்கு அனல். ஃபேன் சூட்டை உண்டாக்கவில்லை. சீலிங்கை ஒட்டி நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது, சீலிங்கிலிருந்து இன்னும் வேகமாகச் சூட்டை உரித்தெடுக்கிறது.

உள்ளே வந்த சூட்டோடு மல்லுக்கட்டுவதைவிட தளத்தில் ஏறாமல் தடுப்பது மலிவு. சாம்பல் நிறச் சிமெண்ட் பரப்பு வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வைத்தால், உங்கள் மாடி முழுவதும் உறிஞ்சுவது 30 கிலோவாட்டுக்கு மேல். நல்ல வெள்ளைப் பூச்சு அதை 12, 13 கிலோவாட்டுக்குக் கொண்டுவந்துவிடும். வேறு எந்த உபாயமும் இந்தச் செலவில் இவ்வளவு செய்யாது.

கடையில் விற்கும் கூலிங் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. டப்பாவில் எஸ்ஆர்ஐ எண் (வெயிலில் எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதைக் காட்டுவது) 100-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி என்று கணக்குப் போட்டால் உங்களுக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டும், பட்ஜெட் தாண்டிவிடும். சொந்த வீடு என்றால் பெயிண்டே சொல்வேன், நாலைந்து வருஷம் நிற்கும். வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு போதும். வெள்ளை புதிதாக இருக்கும்வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுண்ணாம்பு ஒரு ஐப்பசி மழையில் கரையும், வருஷா வருஷம் மாசி கடைசியில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெர்மாகோல் சீலிங் வேலையே செய்யாது என்று சொல்லமாட்டேன். இரண்டு அங்குலக் கனத்தில் ஒழுங்காகப் போட்டால் சூடு இறங்குவது குறையும். ஆனால் தளம் மேலே காய்ந்துகொண்டேதான் இருக்கும். சாதாரண தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகை நச்சு. பழைய ஒயரிங் உள்ள வீட்டில், வயதானவர் படுக்கும் அறையில், அதை ஒட்டவே வேண்டாம்.

பதில் 2 – கொல்லத்துக்காரர்

மேலே சார் சொன்னது சரி. சுண்ணாம்பு அடிக்கிற விதத்தைச் சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் அடிச்சது பதினஞ்சு நாள்ல பவுடராப் பறந்துடும்.

620 அடிக்கு ரெண்டு கோட்: நீர்த்த சுண்ணாம்புப் பவுடர் 25 கிலோ, வெள்ளைச் சிமெண்ட் 5 கிலோ, டிடிஎல் ஃபெவிகால் (சுண்ணாம்புல கலக்குற பசை) 1 கிலோ. எல்லாத்தையும் ஒரே டிரம்ல கலக்காதீங்க. சிமெண்ட் அரை மணி, முக்கால் மணியில இறுக ஆரம்பிச்சுடும். ஒரு பக்கெட்டுக்கு 5 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணி. முதல் நாள் ராத்திரியே சுண்ணாம்பை மட்டும் ஊற வெச்சு, காலையில பழைய வேட்டித் துணியில வடிகட்டிக்குங்க. அடிக்கப் போறப்ப அந்தப் பக்கெட்ல ஒரு கிலோ வெள்ளைச் சிமெண்ட், 200 கிராம் ஃபெவிகால். மோர் பதத்துல இருக்கணும். அஞ்சு பக்கெட்ல வேலை முடிஞ்சுடும்.

கல் சுண்ணாம்பு வாங்கி நீங்களே நீத்தணும்னா ஜாக்கிரதை. தண்ணி பட்டதும் கொதிக்கும், கண்ல தெறிச்சா பார்வையே போகும். தண்ணியில கல்லைப் போடணும், கல்லு மேல தண்ணி ஊத்தக் கூடாது. பவுடரா இருந்தாலும் கண்ணாடி, கையுறை போட்டுக்குங்க.

தளத்தை மொதல்ல கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். பாசி, பழைய பூச்சோட உதிரி எதுவும் இருக்கக் கூடாது. விரிசல் இருந்தா, உளியால வி மாதிரி அரை சென்டிமீட்டர் கொத்திவிட்டு, தூசி தட்டி, ஒட்டுப்பால் (சிமெண்ட் நல்லாப் பிடிக்கச் சேர்க்கற லேடெக்ஸ்) கலந்த சிமெண்ட் கலவை வெச்சு அடைச்சு ரெண்டு நாள் தண்ணி காட்டுங்க. ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, மேலே ஒழுகல் நிக்கும்னா யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க.

அடிக்கிற நேரம்தான் முக்கியம். காலையில 6 மணியிலேருந்து 8 மணிக்குள்ள, இல்லேன்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல. தளத்தை நனைச்சு, தேங்கின தண்ணியைத் துடைப்பத்தால தள்ளிட்டு, ஈரமா இருக்கறப்பவே அடிக்கணும். சூட்டுத் தளத்துல அடிச்சா தண்ணி உடனே ஆவியாப் போய் சுண்ணாம்பு பிடிக்காமத் தூளா நிக்கும். மொதக் கோட் மெல்லிசா ஒரு வாக்குல, மறுநாள் ரெண்டாவது கோட் குறுக்கு வாக்குல. அப்புறம் மூணு நாள் காலையும் மாலையும் லேசாத் தண்ணி தெளிங்க. காயக் காயத்தான் வெளுக்கும். அடிச்ச அன்னிக்கு மங்கலாத் தெரிஞ்சா பயப்படாதீங்க. கைப்பிடிச் சுவரோட உள்பக்கத்தையும் சேர்த்து அடிச்சுடுங்க.

பழைய வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் பளபளன்னு இருக்கற இடத்துல சுண்ணாம்பு ஒட்டாது, அங்க மட்டும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கணும். மழைநீர் பைப் சம்புக்குப் போகுதுன்னா மொத ரெண்டு மழையைத் திருப்பி வெளியே விடுங்க.

சொந்த வீடு வெச்சிருக்கறவங்க கேட்டா: செங்கல் ஜல்லி அஞ்சு பங்கு, சுண்ணாம்பு ரெண்டு பங்கு, மணல் சேர்க்காம, கட்டை வெச்சு அடிச்சு சுர்க்கி போட்டு மேல வெள்ளை ஓடு பதிங்க. நாலு அங்குல சுர்க்கி சதுர அடிக்கு 16, 17 கிலோ ஏத்தும். பழைய தளம்னா இன்ஜினீயர் பார்க்காமப் போடாதீங்க.

பதில் 3 – நிழல்வலை

வெள்ளைக்கு அடுத்தது ஜன்னல். இதில் நிறையப் பேர் திசையிலேயே தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

திருச்சியில் ஏப்ரல் 18 வாக்கில் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை வடக்குப் பக்கமாகத்தான் போகும். அதாவது கத்திரி முழுக்கத் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழவே விழாது. மேற்கும் வடக்கும் வாங்கும். வடக்கு குளிர்ச்சி என்று நம்பித் திறந்து போட்டிருப்பார்கள். நாலு மணிக்கு மேல் சூரியன் வடமேற்கில் சாயும்போது சன்ஷேடுக்கு அடியில் பக்கவாட்டாக உள்ளே வரும். அந்த ஜன்னலின் மேற்கு விளிம்பில் ஒன்றரை அடி அகலத்துக்கு நெடுக்காக ஒரு தட்டி நிறுத்தினால் போதும். முழு ஜன்னலையும் மூட வேண்டாம், காற்று வரட்டும்.

மேற்கு ஜன்னலை முழுசாக மறைக்கணும், வெளிப்பக்கமாக. நாலுக்கு நாலு அடிக் கண்ணாடி ஜன்னல் மாலை வெயிலில் உள்ளே விடும் சூடு, ஓர் இஸ்திரிப் பெட்டியை மதியம் முழுக்க ஓடவிட்டதற்குச் சமம். உள்ளே கனமான திரை போட்டால் வெளிச்சம்தான் நிற்கும். கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டைத் திரை வாங்கி அறைக்குள்ளேயே விடும். மூங்கில் தட்டியோ 75 சதவீத ஷேட் நெட்டோ வாங்கி, சன்ஷேடு நுனியிலிருந்து தொங்கவிடுங்கள். கண்ணாடிக்கும் தட்டிக்கும் நடுவே ஓரடி இடைவெளி இருந்தால் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். கண்ணாடியிலேயே ஒட்டிக் கட்டினால் பாதிப் பலன்.

அதே வலையை அகலமாக எடுத்துப் படுக்கையறையின் மேற்குச் சுவரையும் மறைக்க முடிந்தால் விடாதீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் 3 மணிக்கு விழுந்த வெயில் இரவு 9, 10 மணிக்கு உள்பக்கம் வந்து சேரும். கட்டில் அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள், காசு செலவில்லை.

மாடி மீது பந்தல் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், துளையில்லாமல். ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பைப் பெயிண்ட் வாளிகளில் கான்கிரீட் போட்டு நிறுத்தி, ஏழடி உயரத்தில் வலையை இழுத்துக் கட்டணும். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றுக்கு அந்த வாளிகள் மட்டும் தாங்காது. கைப்பிடிச் சுவரில் ஏற்கெனவே கொக்கி இருந்தால் நாலு மூலையும் கயிறு கட்டி, ஒரு பக்கம் சட்டென்று அவிழ்க்கிற முடிச்சாகப் போடுங்கள். கொக்கி இல்லையென்றால் பந்தல் வேண்டாம், வெள்ளையே போதும். வலையைத் தளத்தின் மேல் அப்படியே விரிப்பது வீண். கருப்பு, பச்சை வலை சூடாகி அந்தச் சூட்டைத் தளத்துக்கே கொடுக்கும். தென்னங்கீற்று குளிர்ச்சிதான், ஆனால் ஒரு வெடிப்பொறி போதும்.

பதில் 4 – காவேரிக்கரை

இவ்வளவு எதற்கு? சாயங்காலம் மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பதில் 5 – தளமும் சுவரும்

தண்ணீருக்கு அந்தச் சக்தி உண்டு ஐயா, மறுக்கவில்லை. ஒரு லிட்டர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகிற தண்ணீர்தான் கணக்கு. குழாயைத் திறந்துவிட்டு 500 லிட்டர் கொட்டினால் பெரும்பகுதி பைப்பில் ஓடிவிடும். மேல்பரப்பு மட்டும் சில்லென்று ஆகி, அடியில் சூடு அப்படியே இருக்கும். அரை மணியில் பழையபடி.

செய்வதாக இருந்தால் பூவாளியால் தெளியுங்கள். ஐந்தரை மணிக்கு 20 லிட்டர், அது காய்ந்ததும் இன்னொரு 20, ஏழு மணி வாக்கில் இன்னொன்று. படுக்கையறைக்கு மேலே மட்டும் என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நனைத்த சணல் சாக்கு விரித்தால் ஈரம் நின்று மெதுவாக ஆவியாகும். மதியம் 2 மணிக்குக் காய்ந்த தளத்தில் தண்ணீர் கொட்டவே கூடாது. மேல்பரப்பு திடீரென்று சுருங்கி மயிரிழை விரிசல் விடும். கேட்டவருடைய தளத்துக்கு மேல் சுர்க்கி இல்லை, அதனால் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் நேராகக் கம்பிக்குப் போகும். விரிசல் அடைத்து, சுண்ணாம்பு பிடித்து ஒரு வாரம் ஆன பிறகு தெளிக்கலாம். பள்ளத்தில் தேங்கினால் தள்ளிவிடுங்கள், டெங்கு கொசுவுக்கு அது போதும்.

பதில் 6 – வெட்டிவேர்

வெட்டிவேர் தட்டி, ஏர்கூலர் இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றுதான்: காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. திருச்சியில் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 27 காட்டும். நல்ல கூலர் அந்த 11 டிகிரி இடைவெளியில் முக்கால்வாசியைப் பிடிக்கும். 30 டிகிரிக் காற்று கிடைக்கும். சென்னையில் கடற்காற்று ஏறிய பிறகு 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் ஈரத் தெர்மாமீட்டரே 29. அங்கே கூலர் நாலு டிகிரி குறைக்கும், கூடவே புழுக்கத்தையும் கொடுக்கும். உங்கள் ஊரில் பிரயோஜனம் உண்டு.

தட்டி என்றால் காற்று வருகிற ஜன்னலில் கட்டணும். காற்றே இல்லாத பக்கம் கட்டினால் வாசனை மட்டும்தான். இயற்கைக் காற்று போதவில்லை என்றால் தட்டிக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு டேபிள் ஃபேனை வைத்து இழுக்கலாம். ஈரம் சொட்டுகிற இடத்திலிருந்து ஃபேனும் ஒயரும் மூன்றடி தள்ளி இருக்கணும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கூலர் போடுவதுதான் பலரும் செய்வது. ஒரு மணி நேரத்தில் அறை ஈரப்பதம் ஏறி, வியர்வை காயாமல், கூலர் இல்லாததைவிட மோசமாக இருக்கும்.

பெரிய கூலர் மணிக்கு 8 லிட்டர் வரை குடிக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து பேடு கல்லாகும், காற்று அடைபடும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்கக் காலிசெய்து தேய்த்துக் காயவிடுங்கள். வெட்டிவேரை இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது வெயிலில் காயப்போடாவிட்டால் பூஞ்சை வாடை வரும், இருமல் உள்ளவர்களுக்கு ஆகாது.

கேள்வி கேட்டவர் – உறையூர் மாடி

எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்பு, மேற்கே தட்டி இரண்டையும் இந்த ஞாயிறு ஆரம்பிக்கிறோம். இரண்டு சந்தேகம். சமையலறையில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, இரவில் அதை ஓட்டினால் வீட்டுச் சூடு போகுமா? பகலில் ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா? அம்மா திறந்தே வைக்கணும் என்கிறார்கள்.

பதில் 7 – நிழல்வலை

பகலில் சாத்துங்கள். வெளியே 39 இருக்கும்போது திறந்தால் 39-ஐத்தான் உள்ளே அழைக்கிறீர்கள். மணியைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள்: ஒன்று படுக்கையறையில், ஒன்று வெளியே நிழலில். வெளியே குறைந்த நிமிஷம் எல்லாவற்றையும் திற, வெளியே ஏறிய நிமிஷம் சாத்து. மே மாதத் திருச்சியில் பெரும்பாலும் இரவு எட்டு எட்டரைக்குத் திறந்து காலை ஏழரைக்குச் சாத்துவதாக வரும். அம்மாவுக்குப் பகலில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் தெற்கு ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்து வைக்கலாம்.

எக்ஸாஸ்ட் நல்ல யோசனை. உங்கள் வீட்டுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 175 கன மீட்டர். 12 அங்குல ஃபேன் பெட்டியில் மணிக்கு 1,000 கன மீட்டர் என்று போட்டிருந்தாலும் கொசுவலை, கம்பி எல்லாம் தாண்டிப் பாதிதான் இழுக்கும். அதுவே மணிக்கு மூன்று முறை வீட்டுக் காற்றை மாற்றிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: சமையலறை ஜன்னலைச் சாத்தணும். திறந்திருந்தால் பக்கத்து ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். படுக்கையறை ஜன்னல்களைத் திறந்து, நடுவில் உள்ள கதவுகளையும் திறந்து வையுங்கள். காற்று அம்மா படுத்திருக்கும் இடத்தைக் கடந்து போகட்டும். கொசுவலையில் படிந்த தூசியைக் கழுவினாலே காற்று கூடுவது தெரியும். முதல் இரண்டு மணி நேரம் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டாண்ட் ஃபேனை உள்நோக்கி வையுங்கள்.

சமையலைக் காலை எட்டுக்குள் முடித்துவிட முடிந்தால் இன்னும் நல்லது.

பதில் 8 – தளமும் சுவரும்

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம். அறைக்குள் 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஃபேனை நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் 40-க்குக் கீழேதான் ஃபேன் பயன்படுத்தச் சொல்கிறது. அதற்கு மேல் அது உடம்பின் மீது சூட்டைத்தான் அடிக்கும். வயதானவர்களுக்கு வியர்வையும் தாகமும் குறைவு, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கை, கழுத்து, கால்களில் ஈரத்துணி போட்டு, மதியம் 1 முதல் 5 வரை கீழ்வீட்டில் ஓர் அறை கிடைத்தால் அங்கே உட்கார வையுங்கள். மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பூச்சாலும் முழுக்க ஈடுகட்ட முடியாது. பேச்சுக் குழறினாலோ, ஆள் தெளிவில்லாமல் இருந்தாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சுண்ணாம்பு அடிக்கும்போது கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைத் தளத்தில் வெயில் கண்ணைக் கூசும். அப்படியே மேலே இருக்கும் கருப்புத் தண்ணீர் டேங்கையும் வெள்ளைத் துணியோ வலையோ சுற்றி மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் மதியம் முகம் கழுவ வெந்நீர்தான் வரும்.